முப்பத்தொரு பேர், ஒரே கோடு

பெட்டி சாகவில்லை. அதுதான் தொல்லை. செத்த பெட்டிக்குப் பழுதுபார்க்கிற நான் ஒரு படிவம் எழுதினால் போதும். இது உயிரோடு இருந்துகொண்டு மக்கர் செய்தது.

பொத்தானை அழுத்தினால் திரை வெளுத்தது. தயாரித்த கம்பெனியின் முத்திரை வந்தது. அதற்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை இடமிருந்து வலமாக நிறைந்துகொண்டே போய், கடைசியில் ஒரு விரற்கடை பாக்கி இருக்கும்போது நின்றது. திரை அணைந்தது. மறுபடி முத்திரை, மறுபடி பட்டை, மறுபடி இருட்டு.

"அஞ்சரைல இருந்து இதத்தான் காட்டிக்கிட்டு இருக்கு," என்றார் கங்காணி பவுன்ராஜ். "நானும் ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டேன்."

"எதால தட்டுனீய அண்ணாச்சி?"

"கையாலதான்."

மூடியின் மூலையில் செருப்பின் வரி பதிந்திருந்தது. அதைத் துடைத்துவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தேன்.

மணி ஆறரை. ஏழாம் நம்பர் உப்பளம். கொட்டகைக்குள் முப்பத்தொரு பேர் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். இருபத்தாறு பெண்கள், ஐந்து ஆண்கள். வெளியே பதினாலு பாத்திகளில் உப்பு விளைந்து வாருவதற்குத் தயாராகக் கிடந்தது. மூன்று மணிக்கு மழை என்று வானிலைக்காரர்கள் நேற்றே சொல்லிவிட்டார்கள். பெய்தால் விளைந்ததெல்லாம் கரையும். மறுபடி கடல்தண்ணீர் விட்டு, காயவைத்து, உப்பாக்க நாற்பது நாள். அந்த நாற்பது நாளும் இங்கே இருக்கிற ஒருவருக்கும் வேலை கிடையாது. இயந்திரங்கள் முன்பு வந்தன. உப்பு அவற்றைத் தின்றுவிட்டது. மிச்சமிருப்பது தலையும் கூடையும்தான்.

சட்டப்படி, பெட்டி ஓடாமல் ஒரு கால்கூடப் பாத்தியில் இறங்கக் கூடாது.

மானேஜர் தர்ஷன் வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. அதற்கு முன் ஏதோ குளிர்பதனக் கிடங்கில் இருந்தாராம். "ஒரு கால்குலேட்டருக்காக முப்பத்தொரு பேர் சும்மா உக்காந்திருக்காங்க மேடம்," என்றார். "காலேஜ்ல நானே இதே மாதிரி ஒண்ணு வெச்சிருந்தேன். பின்னாடி சின்னதா ஒரு ஓட்டை இருக்கும். ஊசிய விட்டு அமுக்குனா எல்லாம் சரியாயிடும்."

"எல்லாம் சரியாகாது. எல்லாம் அழியும். அழிஞ்சத பாத்தா சரியான மாதிரி தெரியும்."

கால்குலேட்டர் என்று அவர் சொன்னது தப்பில்லை. கல்லூரிப் பிள்ளைகள் கோடு வரைந்து பழகும் அதே சாதனம்தான். சட்டம் எழுதியவர்கள் வேண்டுமென்றே இதைத் தேர்ந்தார்கள். வெயிலில் திரை தெரியும். நாலு பென்சில் செல்லில் ஒரு மாதம் ஓடும். எந்த வலையிலும் சேராது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு எவனும் இதற்குள் கையை விட முடியாது. அளத்தில் இதற்குக் கோட்டுப்பெட்டி என்று பேர்.

திருகாணிகளைக் கழற்றினேன். தர்ஷன் பக்கத்தில் குந்தினார். நல்ல கால்சட்டை, உப்புத் தரையில் படாமல் பிடித்துக்கொண்டார்.

"இது எப்படி மேடம் ஆளுக்கு ஒரு டைம் சொல்லுது? அதான் எனக்குப் புரியல."

"ஒவ்வொரு ஆளு காதுலயும் கிளிப்பு இருக்குல்ல. அது ஒடம்புச் சூட்ட பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அத வெச்சு ஒரு கோடு போடும். வேலை செய்யும்போது கோடு ஏறும், நிழல்ல உக்காந்தா இறங்கும். ஏறுத வேகம் ஆளுக்கு ஆள் வேற. தெனமும் பாத்துப் பாத்து இந்த ஆளு இப்படித்தான் ஏறும்னு பெட்டி படிச்சு வெச்சுக்கும். முப்பத்தொம்பதுல ஒரு சிவப்புக் கோடு இருக்கு. இந்தப் பொம்பளையோட கோடு அத எப்பத் தொடும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டு, அதுக்கு முந்தியே ஏறி வந்துருன்னு சொல்லும்."

"சரி. யாராவது ரொம்ப சீக்கிரம் தொட்டா?"

பதில் சொன்னது பவுன்ராஜ். "எல்லாருக்கும் நடுவுல ஒரு பொது நேரம் இருக்குல்ல சார், அதுக்கு ஒரு மணி நேரம் முந்தி ஆறு நாள் தொடர்ந்து எவளுக்கு நேரம் முடியுதோ, அவ பேரு பட்டியல்ல இருந்து போயிரும். வேலைக்கு லாயக்கில்லன்னு அர்த்தம். பட்டியல்ல பேரு இல்லன்னா ஆஸ்பத்திரிச் சீட்டும் கிடையாது."

"உடம்பு சரியில்லாதவங்களுக்குத்தானே ஆஸ்பத்திரி வேணும்?"

"அதத்தான் நாங்களும் பதினோரு வருசமா கேக்கோம்," என்றார் பவுன்ராஜ்.

செல்களை அளந்தேன். நாலும் நன்றாக இருந்தன. செல் உட்காரும் கம்பிச்சுருளில் வெள்ளை பூத்திருந்தது. உப்புக்காற்றில் இது நடப்பதுதான். பிளேடால் சுரண்டி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். போட்டேன். முத்திரை, பட்டை, இருட்டு.

திரையின் அடர்த்தியை ஏற்றிப் பார்த்தேன். சில சமயம் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும், திரைதான் மங்கியிருக்கும். அதுவும் இல்லை.

உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு செல் உண்டு. பெரிய செல்லைக் கழற்றினாலும் கோடுகள் அழியாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். கழற்றாமல் மேலேயே அளந்தேன். மூன்று வோல்ட்டுக்கு ஒரு நூல் குறைவு. போதும்.

"யக்கா, பெட்டி பொழைக்குமா?" கொட்டகையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"பொழைக்கும்."

"பொழைக்கலன்னா பவுன்ராசு அண்ணாச்சிய நடுவுல நிப்பாட்டி கோடு போடச் சொல்லுங்க. வயித்த சுத்தி ஒண்ணு போட்டாலே கடலு வரைக்கும் வரும்."

கொட்டகை சிரித்தது. சொன்னவள் உலகம்மாள். நாற்பத்தைந்து வயசு இருக்கும். ஆறடிக்குக் கொஞ்சம் குறைச்சல், தோள் வாசற்படி அகலம். அளத்திலேயே நிறையக் கூடை சுமப்பவள் அவள்தான் என்று எல்லா அளத்துக்கும் தெரியும். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் தங்கபுஷ்பம். உலகம்மாளின் ஜோடி. ஒருத்தி வாரி ரொப்பித் தூக்கிவிட, மற்றவள் சுமப்பாள். தங்கபுஷ்பம் அவள் முழங்கைக்கு வருவாள். எலும்பு தெரியும் ஆள். இருமிக்கொண்டே இருந்தாள்.

அடுத்து, கம்பியைச் செருகி, இயக்குவதற்கான மென்பொருளைப் புதிதாக ஏற்றினேன். கோடுகளைத் தொடாமல் அதை மட்டும் மாற்றலாம். பத்து நிமிஷம் ஆனது. முத்திரை, பட்டை, இருட்டு.

அப்படியானால் கம்பியிலும் இல்லை, செல்லிலும் இல்லை, மென்பொருளிலும் இல்லை. பழுது உள்ளே இருக்கும் கோடுகளில் இருந்தது.

ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே செல்லைப் போட்டால் பெட்டி பழுதுபார்க்கிறவர்களுக்கான நிலையில் எழும். உரிமம் உள்ளவர்களுக்கு மட்டுமே அந்த விசை தெரியும். எழுந்தது. ஒன்றாம் நம்பர் ஆளின் கோட்டைக் கேட்டேன். வந்தது. மெதுவாக ஏறி, வளைந்து, பத்து ஐம்பதுக்குச் சிவப்பைத் தொட்டது. இரண்டாம் நம்பர். அதே கோடு. திரை உறைந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்று. நான்கு. பத்து. முப்பத்தொன்று வரை அழுத்தினேன். மேலே நம்பர் மாறியது. கோடு மயிரிழைகூட நகரவில்லை.

கடைசியில் திரையில் மூன்று வரி வந்தது: எல்லாக் கோடும் ஒன்று. நகல் ஐயம். இயங்காது.

தர்ஷன் எட்டிப் படித்தார். முகம் மாறியது. "நகலா? நான் எதையும் தொடல மேடம். சத்தியமா."

"தெரியும். சட்டம் வந்த புதுசுல சில மொதலாளிமாரு ஒரு பலசாலிப் பயலோட கோட்ட எடுத்து எல்லா நம்பருக்கும் போட்டாவ. பொம்பளைய பன்னெண்டு மணி வரைக்கும் பாத்தியில நின்னு செத்தாவ. அதுக்கப்புறந்தான் இத உள்ள வெச்சாவ. ரெண்டு மனுச ஒடம்பு ஒரே மாதிரி ஏறாது. முப்பத்தொண்ணும் ஒண்ணா இருந்தா அது திருட்டு, எழாதேன்னு."

"அப்ப யார் செஞ்சா?"

நான் எழுந்து கொட்டகைக்குப் போனேன். தரையில் உட்கார்ந்தேன். மேலே நின்றுகொண்டு கேட்டால் இவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். நானும் திறந்ததில்லை, பதினெட்டு வயசு வரைக்கும் நாலாம் நம்பர் அளத்தில் என் தலையிலும் கூடைதான்.

"யாரு கிளிப்ப யாரு போட்டுருக்கீய?"

இரண்டு பேர் முந்தானையை இழுத்துக் காதை மூடினார்கள். அதுவே பதில்.

பக்கத்தில் இருந்தவளின் காதைத் திருப்பிப் பார்த்தேன். கிளிப்பில் இருபத்திரண்டு. "ஒன் நம்பர் என்ன தாயி?" "ஒம்பது," என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

உலகம்மாள் தொண்டையைக் கனைத்தாள். "அவளுகள விடு கனி. நாந்தான் ஆரம்பிச்சேன்."

"எப்ப?"

"பதினாலு மாசம் இருக்கும். இவளுக்குக் கொசுக்காய்ச்சல் வந்துட்டு." தங்கபுஷ்பத்தைக் கையால் காட்டினாள். "வந்து அஞ்சு நாள் வேலைக்கு வந்தா. அஞ்சு நாளும் ஒம்பதரைக்கே ஏறிப் போன்னு பெட்டி சொல்லிட்டு. ஆறாவது நாளும் சொன்னா பேரு போயிரும். புருசனும் இல்ல, ரெண்டு பொட்டப் பிள்ளைய இருக்கு. ஒரு கூடைய ரெண்டு பேரு பிடிச்சுத் தூக்கலையா, அதே மாதிரி வெயில ரெண்டு பேரும் தூக்குவோம்னேன். அரைமணி அவ கிளிப்பு என் காதுல, அரைமணி என் கிளிப்பு அவ காதுல. பெட்டி அவளுக்குப் பத்தேகால்னு சொல்லிச்சு. பேரு தப்பிச்சிட்டு."

"பெறகு?"

"பெறகு மாரிக்கு முழங்கால் வீங்கிச்சு. ஜெபமணிக்கு மாசமாச்சு. தொரைக்கு முந்தின நாள் குடிச்சது எறங்கல. ஒருத்திக்கு செஞ்சிட்டு இன்னொருத்திக்கு மாட்டேன்னு சொல்ல முடியுமா? கடைசியில, போன மாசம், எல்லாருக்கும்னு ஆக்கிட்டோம். தண்ணி குடிக்கப்போ கிளிப்பக் கழத்தி இடது பக்கம் நிக்கவ கையில குடுத்துரணும். அதான் பழக்கம்."

அவள் அதைப் பெருமையாகவே சொன்னாள். எனக்கும் ஒரு நொடி பெருமையாகத்தான் இருந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிளிப்பு ஊர் சுற்றினால், இருபது நாளில் எல்லாக் கோடும் ஒன்றாகிவிடும். முப்பத்தொரு பேரையும் கலந்து பெட்டி ஓர் ஆளைப் படித்திருக்கிறது. அப்படி ஒரு ஆள் இந்த அளத்தில் கிடையாது.

"நீங்க வெயிலப் பங்கு போடல," என்றேன். "அளவத்தான் பங்கு போட்டுருக்கீய. வெயிலு அவவ தலையிலதான் விழுந்துருக்கு."

"ஒருத்தியும் விழலயே," என்றாள் ஜெபமணி. கைப்பிள்ளைக்காரி, குரலில் கோபம் இருந்தது. "பன்னெண்டாம் நம்பர்ல ஒழுங்கா அவவ கிளிப்பப் போட்டு ரெண்டு பேரு விழுந்தாவ. இங்க ஒருத்தியும் விழல."

"அது பெட்டியால இல்ல. நீங்க ஒருத்திய ஒருத்தி பாத்துக்கிட்டதால."

"ஆமா. பாத்துக்கிட்டோம். தங்கபுஷ்பம் மதினி நடை தளர்ந்துச்சுன்னா நாங்களே ஏத்தி விட்டுருவோம். எல்லாரு கண்ணும் அவ மேலதான்."

தர்ஷன் கொட்டகை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இது திருட்டு இல்லன்னு நீங்க எழுதிக் குடுங்க. பெட்டிய அழிச்சிட்டு ஆரம்பிங்க. அழிச்சா என்னாகும்?"

"நகல் ஐயம் வந்த பெட்டி தொண்ணூறு நாளைக்குப் புதுசா படிக்காது, கிளிப்பு சொல்லுத சூட்டயும் நம்பாது. பூட்டிக்கும். எல்லாரையும் ஒரே ஆரம்பக் கோட்டுலதான் ஓட்டும். பெட்டியோட வர்றது ஒரு பொதுக்கோடு. நகரத்துல ஆயிரம் பேர ஓடுற பட்டை மேல நடக்க விட்டு எடுத்தது."

"அது எத்தன மணிக்குத் தொடும்?"

"பதினொண்ணரை."

"நல்லதுதானே? முப்பத்தொரு பேரும் பதினொண்ணரை வரைக்கும் வேலை செஞ்சா மழைக்கு முந்தி முடிச்சிரலாம். யார் பேரும் போகாது. எல்லாருக்கும் ஒரே டைம்."

கொட்டகையில் பலர் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் அந்தக் கணக்குப் பிடித்திருந்தது. நாற்பது நாள் வேலையில்லாமல் கிடப்பதைவிட ஒரு மணி நேரம் கூடுதல் வெயில் மேல் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

"இவ செத்துப் போவா," என்றேன். தங்கபுஷ்பத்தைப் பார்த்தே சொன்னேன். "காய்ச்சல்ல ஒம்பதரைக்குத் தொட்ட கோடு. பதினொண்ணரை வரைக்கும் பெட்டி வாயத் தொறக்காது. மழைக்குப் பயந்து எல்லாரும் ஓடுத நாள்ல எவ கண்ணும் அவ மேல இருக்காது."

என் அப்பா, பெட்டி வருவதற்கு இரண்டு வருஷம் முந்தி, இதே மாதிரி ஒரு மழைநாள் அவசரத்தில்தான் பாத்தியில் உட்கார்ந்தார். இளைப்பாறுகிறார் என்று நினைத்து இருபது பேர் சுற்றி ஓடிக்கொண்டிருந்தோம்.

"வேற வழி?" என்றார் தர்ஷன்.

"ஒண்ணு இருக்கு. பொதுக்கோட்டுக்குப் பதிலா, அதவிடச் சீக்கிரம் தொடுத ஒரு கோட்ட நான் ஏத்தலாம். இங்கயே, இந்த வெயில்லயே அளந்த கோடா இருக்கணும். உரிமக்காரிக்கு அந்த அதிகாரம் உண்டு. ஒருத்திய நாப்பது நிமிசம் சுமக்க விட்டு அளந்தா போதும். யாரு ரொம்பச் சீக்கிரம் சூடாவாளோ அவளோட கோட்ட எல்லாருக்கும் போட்டுட்டா, தொண்ணூறு நாளைக்கு ஒருத்தியும் மத்தவளவிடக் கீழ இல்ல. ஒரு பேரும் போகாது. ஒருத்தியும் விழவும் மாட்டா."

தங்கபுஷ்பம் எழுந்தாள். இருமி முடித்துவிட்டு, "என்ன அளக்கணும்னா அளந்துக்கோங்க," என்றாள். "எல்லாரும் என்னால சீக்கிரம் வீட்டுக்குப் போறாவன்னு பேரு வரட்டும்."

*

பெட்டியில் இருந்ததை எல்லாம் துடைத்து, சோதனை நிலையில் எழுப்பினேன். அந்த நிலையில் அது இரண்டு கிளிப்புக்கு மேல் ஏற்காது. ஜோடி இல்லாமல் கூடை ஏற்ற முடியாது என்பதால் உலகம்மாளும் இறங்கினாள். அவரவர் கிளிப்பு அவரவர் காதில் என்று நானே நம்பர் பார்த்து மாட்டினேன். பதினாலு மாதத்தில் முதல் முறை.

மணி ஏழேமுக்கால். வெயில் உப்பில் பட்டுக் கீழிருந்தும் அடித்தது. மற்றவர்கள் கொட்டகை விளிம்பில் நின்று பார்த்தார்கள். உலகம்மாள் முதலில் வாரி ரொப்பினாள், தங்கபுஷ்பம் சுமந்தாள். பத்துக் கூடைக்கு ஒருமுறை மாறிக்கொண்டார்கள். உலகம்மாள் சுமக்கும் முறை வந்தபோது கொட்டகையில் சீட்டி அடித்தார்கள்.

"பாருங்க சார், அந்த ஒடம்ப," என்றார் பவுன்ராஜ். "ஒரு சொட்டு வேர்வை இருக்கா பாருங்க. கல்லு. எங்க அளத்துக்கே அவளுக்கு மட்டுந்தான் வேர்க்காது."

திரையில் இரண்டு கோடுகள் ஏறின. தங்கபுஷ்பத்தின் கோடு கொஞ்சம் ஏறி, சாய்ந்து, முப்பத்தெட்டுக்குக் கீழே சமமாக ஓடியது. காய்ச்சல் விட்டு ஒரு வருஷத்துக்குமேல் ஆகிறது. இருமல் உப்புத்தூசியால். மெலிந்த உடம்பு, நன்றாக வேர்த்தது, நன்றாக ஆறியது.

மற்றக் கோடு ஏணியைச் சாத்தி வைத்ததுபோல் போனது.

கிளிப்பை மாற்றி மாட்டிவிட்டேன் என்று நினைத்தேன். பதினைந்தாவது நிமிஷம் பாத்திக்குள் இறங்கி இருவர் நம்பரையும் பார்த்தேன். சரியாக இருந்தது. நம்பாமல் கிளிப்பை இடம் மாற்றினேன். திரையில் இரண்டு கோடும் தாவி, ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஓடியது. கிளிப்பில் பிசகில்லை. சூடு உலகம்மாளின் உடம்பில்தான் இருந்தது.

கிளிப்புகளைப் பழையபடி மாட்டினேன். இருபத்தேழாவது நிமிஷம் உலகம்மாளின் கோடு முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது.

"உலகம்மா, ஏறி வா."

"எனக்கென்ன? அவள ஏத்து."

"ஏறி வான்னேன்."

அவள் கூடையோடு அடுத்த அடி வைத்தாள். காலை வைத்த இடம் வரப்பு இல்லை, பாத்தி. அது அவளுக்குத் தெரியவில்லை. தங்கபுஷ்பம்தான் முதலில் பார்த்தாள். எம்பி அவள் தலையிலிருந்து கூடையைப் பிடுங்கிக் கீழே கொட்டிவிட்டு, மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். பிடித்தவள் கையை உதறினாள்.

"ஏட்டி, தோசைக்கல்லு மாதிரி கொதிக்கே!"

நான்கு பேர் தூக்கி வந்தார்கள். தர்ஷன் தன் காரிலிருந்த குளிர்பெட்டியைக் கொண்டுவந்து, பாட்டில்களைத் தூர எறிந்துவிட்டு, ஐஸ்கட்டித் தண்ணீரை அவள் கழுத்திலும் கக்கத்திலும் ஊற்றினார். நல்ல கால்சட்டை முழுக்க உப்பும் சேறும். பத்து நிமிஷத்தில் உலகம்மாள் கண்ணைத் திறந்து, ஏன் எல்லாரும் வட்டம் போட்டு நிற்கிறீர்கள் என்று கேட்டாள்.

"எப்பலேருந்து வேர்க்கல?" என்றேன்.

"ஒரு வருசம் இருக்கும். தண்ணி குடிக்கப்போ தலையிலயும் ஊத்திக்குவேன், இன்னைக்கு விட்டுட்டேன். ஒண்ணுக்குக்கூட கொஞ்சந்தான் போகுது. ஒடம்பு இறுகிட்டுன்னு நெனச்சேன்."

"அது இறுக்கம் இல்ல. உள்ள எதோ கெட்டுருக்கு. வேர்க்காத ஒடம்பு ஆறாது. நாளைக்கே ஆஸ்பத்திரி."

ஒரு வருஷமாக அந்த உடம்பைக் காட்டித்தான் அவர்கள் மற்ற அளத்துக்காரர்களிடம் வீம்பு பேசியிருந்தார்கள். மாறி மாறிப் போட்ட கிளிப்பு தங்கபுஷ்பத்தை ஒரு மாதம்தான் காப்பாற்றியது. அதற்குமேல் அவளுக்கு அது தேவைப்படவில்லை. அது உலகம்மாளை மறைத்து வைத்திருந்தது. கிளிப்பு ஒழுங்காக இருந்திருந்தால் அவள் பேர் எப்போதோ போயிருக்கும். இப்படியே போயிருந்தால் அவளே போயிருப்பாள். இரண்டில் எது மேல் என்று என்னிடம் கேட்டால் எனக்குத் தெரியாது.

தங்கபுஷ்பம் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "பதினாலு மாசமா எனக்குப் பாதிக் கூடைதானட்டி ரொப்புன. நான் முழுசா சொமப்பேனே. கேட்டியா நீ?"

"நீ சொல்லலயே."

"சொகமாத்தானே இருந்துச்சு. எவளாவது வேண்டாம்பாளா?"

முதலில் சிரித்தது உலகம்மாள்தான். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குச் சிரிக்கத் துணிவு வந்தது.

*

பெட்டியில் கோட்டை ஏற்றுவதற்கு மானேஜர் கையெழுத்து வேண்டும். தர்ஷன் ஈரக் கையோடு படிவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இருபத்தஞ்சு நிமிஷம் வேலை, இருபது நிமிஷம் நிழல்ல ஆறிட்டு மறுபடி வேலை. அதான் இந்தக் கோடு சொல்றது. பதினாலு பாத்தி முடியாது மேடம்."

"முடியாது. பொதுக்கோட்டுல போட்டுருந்தா ஒம்பது மணிக்கு ஒரு பொணம் விழுந்துருக்கும். சட்டப்படி அளத்த ஒரு மாசம் மூடுவாவ. பதினாலும் கரைஞ்சிருக்கும்."

பவுன்ராஜ் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "ரெண்டு கூட்டமா பிரிப்போம் சார். பதினஞ்சு பேரு உள்ள, பதினஞ்சு பேரு வெளிய. கூட்டம் மாறுதப்போ கூடை சும்மா கெடக்காது. நடையக் கொறச்சு, கரைக்குப் பக்கத்துப் பாத்தியக் கடைசியா வாருவோம். பன்னெண்டு முடிக்கலாம். பதிமூணும் முடியும், நானும் எறங்குனா."

"நீங்க இறங்குனா பெட்டிய யார் பாக்குறது?"

பவுன்ராஜ் உலகம்மாளைப் பார்த்தார். அவள் ஈரச் சாக்கின்மேல் உட்கார்ந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டியலில் இருப்பவள் இன்ன வேலைதான் செய்ய வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை.

"நம்பர் வாசிக்கத் தெரியுமா?" என்றார் தர்ஷன்.

"கூடைய எண்ணியே முப்பது வருசமாச்சு. நம்பர் தெரியாமலா?"

தர்ஷன் கையெழுத்துப் போட்டார். மனம் இளகியதால் போட்டார் என்று நான் நினைக்கவில்லை. மழை மூன்று மணிக்கு. அதற்கு முன் அவருக்குப் பன்னிரண்டு பாத்தி வேண்டும். எனக்கு அது போதும்.

கோட்டை ஏற்றினேன். பூட்டினேன். பொத்தானை அழுத்தினேன். முத்திரை வந்தது. பட்டை நிறைந்துகொண்டே போய், கடைசி விரற்கடையையும் தாண்டி, முட்டி நின்றது. முப்பத்தொரு நம்பரும் வரிசையாகத் திரையில் விழுந்தன. நேர் எதிரே எல்லாருக்கும் ஒரே நேரம். பவுன்ராஜுக்கு உதிரிக் கிளிப்பு ஒன்றை முப்பத்திரண்டாவதாகச் சேர்த்தேன்.

மழை மூன்று இருபதுக்கு வந்தது. அதற்குள் பன்னிரண்டரைப் பாத்தி அம்பாரமாகக் குவிந்து தார்ப்பாய்க்குள் போயிருந்தது. ஒருவரும் விழவில்லை. உலகம்மாளின் குரல் இரண்டு அளத்துக்கு அப்பால் கேட்டதாம். எல்லாரையும்விட அதிக முறை அவள் ஏறி வரச் சொல்லிக் கத்தியது பவுன்ராஜைத்தான்.

மறுநாள் தங்கபுஷ்பம் அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சிறுநீரகம். பாதி போயிருந்தது, பாதியைப் பிடித்து நிறுத்தலாம் என்றார்களாம். பட்டியலில் பேர் இருந்ததால் சீட்டு இருந்தது. வாரம் இரண்டு நாள் அங்கே போய் வரிசையில் நிற்கிறாள். உப்பளத்துப் பெண்கள் நிற்கும் வரிசை அது. நீளமானது. பேச நிறைய நேரம் கிடைக்கும்.

ஒரு மாதம் கழித்துத் திங்கட்கிழமை காலையில் எனக்கு ஏழு அழைப்புகள் வந்தன. ஏழு அளம். எல்லாப் பெட்டியும் முத்திரையைக் காட்டிவிட்டு அணைகிறதாம்.

முதலில் பன்னிரண்டாம் நம்பருக்குப் போனேன். செல்லை அளக்கவில்லை. சுருளைச் சுரண்டவில்லை. விசையைப் பிடித்துக்கொண்டு எழுப்பினேன். முப்பத்தெட்டு பேர், ஒரே கோடு. அந்த மானேஜர் தலையைச் சொறிந்துகொண்டு, இது என்ன வியாதி என்றார்.

கொட்டகைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் இருந்தது. "இருபது நாளா கிளிப்ப மாத்தி மாத்திப் போட்டுருக்கீய. இதுல ஒருத்தி விழுந்துருந்தா?"

"பெட்டி பூட்டிக்கிட்டா தொண்ணூறு நாளைக்கு ஒரு பேரும் போகாதுல்ல. ஏழாம் நம்பர்ல ஒருத்தியத்தான் எல்லாரும் பாத்தாவளாம்," என்றார் முன்வரிசையில் இருந்த ஒருவர். ஐம்பது வயசிருக்கும், காதில் கிளிப்பு. "நாங்க ஒருத்தர ஒருத்தர் மாத்தி மாத்திப் பாத்தோம். பலசாலியத்தான் கூடுதலா பாத்தோம்."

"சரி. உங்கள்ல ரொம்பச் சீக்கிரம் சூடாவது யாரு? வாங்க, அளப்போம்."

அவர் எழுந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவளும் எழுந்தாள். பின்னால் ஒரு சின்னப் பெண், அப்புறம் இரண்டு பேர், அப்புறம் வரிசை முழுக்க. முப்பத்தெட்டு பேரும் தங்கள் நம்பரைத் தங்கள் காதில் மாட்டிக்கொண்டு, கூடையோடு நின்றார்கள்.

"யாருன்னு எங்களுக்குத் தெரியாது தாயி," என்றார் அவர். "பாத்துச் சொல்ல முடியாதுன்னு உலகம்மா சொல்லிட்டா. எல்லாரையும் அளந்துருங்க."

சோதனை நிலையில் இரண்டு பேர்தான். ஜோடிக்கு நாற்பது நிமிஷம். பத்தொன்பது ஜோடி.

"ரெண்டு நாள் ஆகும்," என்று பின்னால் வந்து நின்ற மானேஜரிடம் சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் பெட்டியைத் துடைத்து எழுப்பி, முதல் ஜோடியைப் பாத்தியில் இறங்கச் சொன்னேன்.